கடைசி நம்பர் அட்டை

செப்ரெம்பர் 8, திங்கள்

எட்டு மணித்தியாலம் நின்றபடி சட்டி கழுவினேன். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. பென்சனுக்கு இன்னும் மூன்று வருசம். அரைநேர வேலை தருகிறேன் என்று ஷெஃப் எப்போதோ சொல்லிவிட்டார். அரைச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டுவது ஆர்?

காலுக்குச் சுற்றும் துணியை அலுமாரிக்கு மேலே தேடினபோது ரெரியின் பெட்டி கையில் தட்டுப்பட்டது. 1991இல் இங்கே ஜேர்மனியில், மன்ஹைமில் இருந்த அமெரிக்கப் படைமுகாமின் சமையலறையில் என்னோடு நின்ற படையாள் ரெரி, ஊர் திரும்பும்போது தந்தது. பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டைகள். அவனுடைய தகப்பன் கடையில் விற்காமல் மிஞ்சினவையாம். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் விளையாடக் கொடு என்றான்.

பிறக்கவில்லை. பெட்டி அப்படியே இருக்கிறது.

செப்ரெம்பர் 20, சனி

நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டிலிருந்து டோர்ட்முண்ட் போய், பழைய அட்டைகள் வாங்கும் கடையில் காட்டினேன். பெயர் பெற்ற ஆட்டக்காரரை எல்லாம் பெரிய கெட்டிக்காரன் போல முன்னுக்கு அடுக்கிக் கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு அடியில் கிடந்த 598ஆம் நம்பர் அட்டையை எடுத்தார். பெரிய காதுக்காரன் ஒருவன். அவன் ஆரென்று அவருக்கே தெரியாது.

அந்தக் காலத்துப் பெடியள் அட்டைகளை நம்பர்படி அடுக்கி றப்பர் பாண்ட் போட்டு வைப்பார்களாம். மேலே இருக்கிற ஒன்றாம் நம்பரையும் கீழே இருக்கிற கடைசி நம்பரையும்தான் றப்பர் வெட்டும். தேய்வதும் அவைதான். அதனால் படத்தில் ஆர் இருந்தாலும், காயம் படாத முதலுக்கும் கடைசிக்கும் அப்படி ஒரு விலை. என்னிடம் முதல் நம்பர் இல்லை. கடைசி நம்பரான 598 இருக்கிறது, அச்சடித்த அன்று போல.

"இதைப் பிள்ளைகள் ஒருவரும் தொடவில்லை. அதுதான் இவ்வளவு விலை" என்றார். மற்ற அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

அவர் சொன்ன தொகை கிடைத்தால் பென்சன் வரும்வரை அரைநேரம் வேலை செய்யலாம். ஒக்ரோபர் 7ஆம் திகதி, விலை மதிக்கிறவர் வரும்போது கொண்டுவரச் சொன்னார். ரயிலில் இருந்து என் மனிசி பாலாவுக்குப் போன் பண்ணினேன். "அந்தக் காதுக்காரனோ?" என்றாள். கனகாலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

செப்ரெம்பர் 24

நவம்பரிலிருந்து அரைநேரம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவசரப்பட்டேனோ?

ஒக்ரோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. வேலையால் வந்தால், கும்பத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகம் ஏது? வருசாவருசம் பாலாவின் சமையல் கொப்பி மட்டும்தான் அதில் இருக்கும். இந்த முறை பெட்டியையும் திறந்து வைத்து, 598ஐ மேலே எடுத்து, காதுக்காரனின் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு பூசியிருந்தாள்.

"நல்ல விலைக்குப் போகட்டும் எண்டுதான்" என்றாள்.

எனக்கு விசர் பிடிச்சுப் போச்சு. கத்தினன். அறிவில்லையோ, என்ரை காலை முறிச்சுப் போட்டாய் எண்டெல்லாம்... முப்பத்திரண்டு வருசத்தில் அப்பிடி ஒரு நாளும் கத்தினதில்லை. அவள் கற்பூரத்தட்டோடை நிண்டவள் நிண்டபடி. நான் அட்டையைப் பறிச்சுக்கொண்டு குசினிக்குப் போய் ஈரத்துணியால் துடைச்சன். தலைமயிர் காய வைக்கிற மெசினால் காய வைச்சன்.

ஒக்ரோபர் 4

பேச்சு இல்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

மதிக்கிறவர் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். என்ன பட்டது என்று கேட்டார். சாம்பல் என்றேன். சாம்பல் பிரச்சினையே இல்லை, சின்னத் தூரிகையால் தட்டினால் போயிருக்கும் என்றார். மினுக்கம் போனதும் ஓரம் ஊதினதும் தண்ணியால். கடதாசியில் ஒற்றைச் சொல் எழுதித் தந்தார்: வாசர்ஷாடன். தண்ணிச் சேதம். இனி அது ரயில் காசுக்கும் காணாது.

அவள் பூசினது போயிருக்கும். நான் துடைச்சதுதான் போகேல்லை.

வீட்டுக்கு வர, என்ன சொன்னவை என்று கேட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. சரிவரவில்லை என்றேன். "என்னாலதானே" என்றாள்.

நான் வாய் திறக்கேல்லை. சீ, நானும் ஒரு மனிசனோ.

ஒக்ரோபர் 13, திங்கள்

அரைநேரம் வேண்டாம் என்று சொல்லப் போனேன். ஷெஃப் சிரிக்கிறார். மனிசி வெள்ளிக்கிழமை வந்து, நான் விடுகிற மற்ற அரைநேரத்தைத் தனக்குக் கேட்டு வாங்கிவிட்டாளாம். ஐம்பத்தேழு வயதில். அவளுக்கும் நாரி நோ, குனிந்தால் இடுப்பை நிமிர்த்த ஏலாது.

வீட்டில் கேட்டேன். "ஓம், கேட்டனான். உங்களுக்கு இனி ஏலாது" என்றாள். அவ்வளவுதான்.

தண்ணியாலைதான் எண்டு இண்டைக்கும் நான் சொல்லேல்லை.

நவம்பர் 3, திங்கள்

நாலு மணிக்கு எழும்பிவிட்டாள். ஐந்து தொடக்கம் ஒன்பது வரை அவள், ஒன்பதிலிருந்து நான். வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டினாள். புதுச் சப்பாத்து. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"பாலா, அது திருநீறாலை போகேல்லை. நான் தண்ணியாலை துடைச்சதாலைதான்."

அவள் மற்றக் காலையும் கட்டி முடித்தாள்.

"தெரியும். நீங்கள் டோர்ட்முண்ட் போய் வந்த அடுத்த நாள் உங்கடை கோட்டைத் தோய்க்கேக்கை அந்தக் கடதாசி பொக்கற்றிலை கிடந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாதே?"

தெரிந்துகொண்டுதான் போய் வேலை கேட்டிருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "நீங்கள் அண்டைக்குக் கத்தினதுக்குத்தான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

இப்போது ஐந்தேகால். அவள் முதல் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள். ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து ஏப்ரனை வாங்க வேண்டும். எல்லாரும் நிற்பார்கள். நின்றாலும், கத்தினது பிழை என்று அங்கேயே சொல்ல வேண்டும்.