தாலியை அவிழ்க்கச் சொன்னவரும் வெட்ட மறுத்த இரண்டு நிமிடமும்

என் பாசத்துக்கும் எரிச்சலுக்கும் உரிய இத்ரிஸ் அண்ணை,

போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியும் என்னை நிம்மதியாக இருக்க விடுகிறீர்கள் இல்லை. "அந்தாள் இருக்கேக்கயும் உங்களுக்குத் தலையிடி, போனாப் பிறகும் தலையிடி," என்கிறா என் மனிசி. ஓம் என்பதைத் தவிர நான் வேறு என்ன சொல்ல?

விசயம் இதுதான். உங்களுடைய முதற்படம், அந்தத் துனிசிய உப்பளப் படம், அதன் ஒரே முழுப் பிரதி இங்கே ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் என் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறது. நாற்பது வருடத்துக்குப் பிறகு உங்கள் ஊரான துனிசியாவில் ஒரு திரைப்பட விழாவில் அதைத் திரையிடக் கேட்கிறார்கள். ஒரு நிபந்தனை. இரண்டு நிமிடத்தை வெட்ட வேண்டுமாம்.

எந்த இரண்டு நிமிடம் என்று உங்களுக்குத் தெரியும். பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய் அடித்துத் திருப்பி அனுப்பிய மகனின் முதுகைத் தாய் கழுவிவிடுகிற காட்சி. ஒருவரும் ஒரு சொல் பேசுவதில்லை. அன்றைக்கும் அரசாங்கத் தணிக்கைக்காரர் அதைத்தான் வெட்டச் சொன்னார்கள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள், அவர்கள் படத்தைத் தடைசெய்தார்கள், நீங்கள் பிரதியைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டு வெளிக்கிட்டீர்கள். பிறகு பாரிசில் இரண்டு படம். ஒன்றுக்குப் பரிசும் கிடைத்தது. மூன்றாவதன் முடிவை மாற்றச் சொன்ன தயாரிப்பாளரோடு சண்டைபிடித்துக்கொண்டு கனடாவுக்கு வந்தீர்கள். கடைசியில் ஸ்காபரோவில் என்னோடு சேர்ந்து தமிழ்க் கலியாண வீடியோ எடுத்தீர்கள்.

உங்களோடு செய்த முதல் கலியாணத்தை நினைத்தால் இப்பவும் எனக்கு வேர்க்கும். கெட்டிமேளம் கொட்டி மாப்பிள்ளை தாலியைக் கட்டுகிற நேரம் ஒரு மாமாவின் தலை கமெராவை மறைத்துவிட்டது. நீங்கள் கையை உயர்த்தி, அதை அவிழ்த்துவிட்டு இன்னொருமுறை கட்டுங்கள் என்றீர்கள், அதுவும் ஆங்கிலத்தில், மண்டபத்துக்கே கேட்க. மேளம் நின்றுவிட்டது.

"ஆர் தம்பி உந்த மனுசனை உள்ள விட்டது?" என்று பொம்பிளையின் அப்பா என்னைத்தான் பிடித்தார்.

"அண்ணை, தாலியை ரெண்டாந்தரம் கட்டேலாது," என்று உங்களை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே, ஏன் ஏலாது என்று என்னோடு வாதாடினீர்கள். சனத்திடம் ஏச்சு வாங்கியது நான். நீங்கள் வடையும் பாயாசமும் சாப்பிட்டீர்கள்.

சரி, விடுங்கள். உங்கள் மகள் அமல் போன வாரம் தொலைபேசியில் அழுதாள். அப்பாவின் பிடிவாதத்தால் அந்தப் படத்தை ஒரு சனமும் பார்க்கவில்லை, இரண்டு நிமிடம் போனாலும் மிச்சத்தையாவது பார்க்கட்டும், வெட்டுவதென்றால் நீங்கள்தான் வெட்ட வேண்டும் அங்கிள் என்றாள். அவள் சொன்னதில் என்ன பிழை? நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன். ஓம், நான்தான். படத்தை ஏற்கெனவே கணினியில் ஏற்றி வைத்திருந்தேன், அதில் அது ஒரு நிமிட வேலை. வெட்டிய இடம் தெரியவே இல்லை, அண்ணை. இதற்காகவா ஒரு மனுசன் நாட்டையும் தொழிலையும் விட்டுவிட்டு வந்தான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அனுப்புவதற்கு முன்னர் அந்தத் தாயாக நடித்த சொஹ்ரா அம்மாவுக்கு ஒரு சொல் சொல்லிவிடுவோம் என்றேன். எண்பதைத் தாண்டிவிட்டார், உங்கள் ஊரிலேயேதான் இருக்கிறார். அமல் அரபியில் பேசினாள், நான் பக்கத்தில் இருந்தேன். படத்தைக் காட்டப் போகிறார்கள் என்றதும் மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார். அமலின் முகம் மாறிவிட்டது.

"அப்ப என்னுடைய நடிப்பு அவ்வளவு மோசமில்லையா?" என்று கேட்டாராம்.

தான் கெடுத்ததால்தான் படம் வெளிவரவில்லை என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் நடிக்கவே போகவில்லை. நாட்டை விட்டுப் போன உங்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லையாம். அவரை வெட்டமாட்டேன் என்று ஊரோடெல்லாம் சண்டைபிடித்தீர்களே, அதை அவரிடம் ஒருமுறை சொல்லியிருக்கக் கூடாதா? நீங்களெல்லாம் ஒரு மனுசனா? இருந்திருந்தால் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அந்த மனுசியிடம் போய், படத்தைக் காட்டுகிறோம், உங்கள் காட்சியை மட்டும் வெட்டிவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? வெட்டிய பிரதியை அமலே அழித்தாள். முழுப்படமென்றால் தருகிறோம், இல்லாவிட்டால் இல்லை என்று விழாக்காரருக்கு எழுதிவிட்டாள். அவர்கள் இன்னும் பதில் போடவில்லை. போடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் காட்டினாலென்ன, விட்டாலென்ன. வருகிற மாதம் அமலும் நானும் துனிசியாவுக்குப் போகிறோம். சொஹ்ரா அம்மா வீட்டுச் சுவரில் முழுப்படத்தையும் போட்டுக் காட்டுவேன், இது சத்தியம். படம் முடிந்ததும், நீங்கள் வாய் திறந்து கேட்காத மன்னிப்பை உங்களுக்குப் பதிலாக நான் கேட்பேன்.

உங்களைத் திட்டித் திட்டியே உங்களுக்குத் தம்பியாகிப்போன
செல்வன்