ஸ்டெல்லாவின் காகம்

9 ஜூலை 1991, செவ்வாய்

இன்று அம்பத்தூர் ஷெட்டில் எங்கள் பொம்மைத் தொடரின் படப்பிடிப்பு பாதியில் நின்றது. காகப் பொம்மையை ஆட்டிக் குரலும் கொடுக்கும் ஸ்டெல்லா, வசனத்துக்கு நடுவே "ஐயோ!" என்று கத்திச் சிரித்துவிட்டாள். பொம்மை ஆட்டுபவர்களை மறைக்கும் பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எப்போதும்போல் மண்டியிட்டிருந்தாள். காகத்தை மாட்டிய கை அவள் வயிற்றின்மேல் இருந்தது.

"உதைக்குதுக்கா," என்றாள். உடனே அழுகையும் வந்துவிட்டது.

ஆறு மாதமாம். புடவைத் தலைப்பால் மூடியே மறைத்திருக்கிறாள்.

"தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவீங்கன்னு பயந்துகினு இருந்தேன்க்கா."

"உன் குரலுக்கு நான் எங்கடி போவேன்?" என்றேன்.

நரியை ஆட்டும் ரஹீம் வெளியே போய்ச் செங்கற்களை அள்ளிவந்தார். "பலகைய ஏத்திட்டா தங்கச்சி நாற்காலில குந்திகினே ஆட்டும்க்கா. எங்க முட்டியும் பொழச்சிக்கும்."

பலகையை உயர்த்தி மாலைவரை எடுத்தோம். அந்தச் சிரிப்பை வெட்டவில்லை. காகம் இதுவரை அவ்வளவு அழகாகச் சிரித்ததில்லை.

பிரசவ நேரத்தில் என்ன செய்வது என்றுதான் தூக்கம் வரவில்லை. காகத்தை வேறு குரலில் பேசவைக்க மனமில்லை. அது முட்டையிடப் போயிருப்பதாக எழுதிவிடலாம். தொலைக்காட்சி நிலையத்தில் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன். ஸ்டெல்லா வேலைக்குத் திரும்பும் அன்று காகமும் ஒரு குஞ்சோடு வரட்டும். குஞ்சைக் கொஞ்சம் குண்டாகவே தைக்கச் சொல்ல வேண்டும்.