பகல் காட்சிக்கு அடைத்த கதவு

1943 ஜூன் 2, புதன்

இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தம்பி அகஸ்டினுக்குக் காடுதான் வீடு. அவன் பெண்சாதி பார்பராவுக்கு எட்டாவது மாதம்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமசாமி வந்தார். "கிரகரி, படக்கொட்டகைய தொறக்கணுமாம்லா. ஜப்பான்காரன் சும்மாவே படம் காட்டுறான். நீதானே வெளக்குக்காரன்?"

சந்தோஷமாக இருந்தது. இந்தக் காலத்தில் இப்படி எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

ஜூன் 4, வெள்ளி

பேசாத படக் காலத்தில் துரை கட்டிய கொட்டகை. ரோட்டிலிருந்து பார்த்தால் வளைவும் தூணுமாக அரண்மனை. பின்னால் போனால் பலகையும் தகரமும். முகத்துக்கு மட்டும் பவுடர்! ஆனால் உள்ளே என் விளக்குகள் இருக்கின்றனவே, சுவரோரம் சிவப்புக் கண்ணாடிக் கூண்டுக்குள். மேல் அறையில் பித்தளைக் கைப்பிடியை மெல்லத் திருப்பினால் எல்லாம் சேர்ந்து மங்கும். பேச்சு தானாக அடங்கும். படத்தைவிட எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்.

விமானத்துக்குப் பயந்து இரவில் வெளிச்சம் கூடாதாம். பகல் காட்சிதான்.

ஜூன் 5, சனி

தகர ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தேன். பக்கக் கதவுதான் தொல்லை. இடுக்கு வழியாக வெயில் நேரே திரையில் விழுகிறது. சாக்கு வைத்து, குறுக்கே பலகை போட்டு ஆணி அறைந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானே செய்தேன். உள்ளே நின்றால் என் கை எனக்கே தெரியவில்லை. அருமை!

சாயங்காலம் காட்டுக்குப் போனேன். "பயமா இருக்குண்ணே" என்றான் அகஸ்டின்.

"அட, தோட்டமே வருதுடா. பார்பராவும் வரா. பார்த்துட்டு ஓடிரு."

சிரித்தான். வருகிறானாம்.

ஜூன் 6, ஞாயிறு

படப்பெட்டி வரவே இல்லை. "வருது வருது, நீ வெளக்க எறக்கு" என்றார் கிராணி. இறக்கினேன். எவ்வளவு பதமாக இறக்கினேன்!

முன்கதவு திறந்தது. துப்பாக்கி. வெளியே லோரிகள் —

ஆம்பளைங்க எல்லாம் பக்கக் கதவுக்கு ஓடினாங்க. வேற எங்க ஓடுவாங்க? டம் டம்னு அடிக்கிறாங்க. "அண்ணே, கதவு! அண்ணே!" அவன் குரல்தான். நான் மேலயே நின்னேன். கைப்பிடிய விடக்கூடத் தோணல. ஆண்டவரே, நான் என்ன செஞ்சிட்டேன்?

ஜூன் 7

தம்பியையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 11

ஆண் குழந்தை. அப்படியே தம்பி ஜாடை. என்னிடம் நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை.

செப்டம்பர் 19

தம்பியோடு பிடிபட்டு, சயாமிலிருந்து தப்பி வந்த மாடசாமி, வாசலில் நின்று அழுதான். தம்பியைக் காலரா கொண்டுபோய்விட்டதாம். பார்பரா வெள்ளை கட்டினாள்.

செப்டம்பர் 22, புதன்

"இன்னொரு படமாம். இந்த முறை திரிங்காப் தோட்டத்து ஆளுங்களுக்கு" என்றார் கிராணி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடப்பாரையோடு போய்ப் பக்கக் கதவின் ஆணிகளைப் பிடுங்கினேன். பலகையில் உள்பக்கமெல்லாம் நகக் கீறல். கதவு திறந்ததும் வெயில் திரை வரைக்கும் போனது.

பார்பரா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றிருந்தாள்.

"அன்னைக்கு இது தொறந்திருந்திருக்கலாம் அத்தான்" என்றாள்.

பிறகு குனிந்து, ஆணிகளை ஒன்று விடாமல் பொறுக்கி, மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.