சுவரில் ஆணி அடிக்கக் கூடாது

வெள்ளவத்தை
14.09.2025

அன்பு மகன் கிளின்ரனுக்கு,

உனக்கும் மருமகளுக்கும் தேவமாதா துணையிருக்கட்டும். போனில் கதைத்தால் நான் அழுகிறேன், நீ வேலையென்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பிழையிருந்தால் சிரிக்காதே, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மேல்மாடியில் இருக்கும் நதீஷா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

நம் பிளாட்டை நாள் வாடகைக்கு எடுத்த லண்டன் ஆட்கள் நேற்றுப் போய்விட்டார்கள். அவர்கள் நின்ற கிழமை முழுக்க நான் கொட்டாஞ்சேனையில் எவ்லின் சின்னம்மா வீட்டில். அப்பாவின் படத்தையும் சீலையில் சுற்றிப் பையில் கொண்டுபோனேன். பஸ்ஸில் ஒரு பெட்டை, "அன்ரி, பாக்கை மேல வைக்கட்டா?" என்று கேட்டாள். "வேண்டாம் மகள், இதுக்குள்ள ஆள் இருக்கு" என்றேன். பயந்து எழும்பி அங்கால போய்விட்டாள்.

அடுத்த ஆட்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாது. விரித்த வெள்ளைப் பெட்சீற் கசங்கிவிடும் என்று ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறேன். நதீஷா களுபோவில ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவள் இருக்கும் பிளாட்டை விற்கப்போகிறார்களாம், எங்களுடைய பெரிய அறையைக் கேட்கிறாள். மாதம் தவறாமல் தருவாள். கொடுப்போமா?

டிசம்பர் ஆறு அப்பாவின் வருடப் பூசை. பூசை முடிய ஆட்களை வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு கொடுக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் ஒருவரையும் எடுக்காதே.

உன் அம்மா
பிறிஜெற்

ரொறன்ரோ
20.09.2025

அன்புள்ள அம்மா,

நேர்ஸ் ஒரு மாதத்துக்குத் தருவதை வெளிநாட்டு ஆட்கள் நாலு நாளில் தருவார்கள். கொட்டாஞ்சேனை வீட்டை விற்ற காசோடு என் பெயரில் கடனும் எடுத்துத்தானே இதை வாங்கினோம். அந்த வாடகையில்தான் தவணை போகிறது.

டிசம்பர் ஐந்திலிருந்து மாத முடிவுவரை ஒரு கல்யாண வீட்டார் கேட்கிறார்கள். விடமுடியாது. நீங்கள் பூசையை மட்டும் வையுங்கள், அப்பா கோவிக்க மாட்டார். படத்துக்காகச் சுவரில் ஆணி அடித்துவிடாதீர்கள். வருகிறவர்கள் இறந்தவரின் படத்தைப் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

அன்புடன்
கிளின்ரன்

கொட்டாஞ்சேனை
07.12.2025

அன்பு மகனுக்கு,

பூசை நடந்தது. சாப்பாடு இல்லையென்று முதலே எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். அதனால் கோயில் வாசலில் கையைப் பிடித்துக் கதைத்துவிட்டுப் போனார்கள். அப்பாவோடு துறைமுகத்தில் வேலைசெய்த யோகராஜ் மட்டும், "என்னக்கா, வலன்ரைன் அண்ணன்ட பேரில ஒரு வாய் சோறும் இல்லையோ?" என்று பகிடியாகக் கேட்டார். நானும் சிரித்தேன். பிறகு நானும் சின்னம்மாவும் கடையில் பணிஸ் தின்று பிளேன்ரீ குடித்தோம்.

பின்னேரம் நதீஷா போன் எடுத்தாள். "அன்ரி, உங்கட வீடு இருட்டாக் கிடக்குது, ஒருத்தரும் வரேல்லையே?" என்றாள். வெள்ளச் செய்தி பார்த்துக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள் என்று பிறகுதான் உன் மெசேஜ் வந்தது. முதல்நாளே உனக்குத் தெரியுமாமே. எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு சட்டி சோறாவது வைத்திருப்பேன்.

அம்மா

ரொறன்ரோ
12.12.2025

அம்மா,

மன்னியுங்கள், வேலைக் களேபரத்தில் மறந்துவிட்டேன். இங்கே எனக்கும் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். தை மாதம் கட்டாயம் ஆட்கள் வருவார்கள். வீட்டைத் துடைத்து வையுங்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கிளின்ரன்

வெள்ளவத்தை
29.12.2025

மகன்,

இந்த ஒரு வருடமும் பொறுத்துத்தான் இருந்தேன். ஆட்கள் வந்தால் எனக்கு வீடில்லை. வராவிட்டால் வருவார்களென்று பார்த்துக்கொண்டு, தொடாத கட்டிலுக்குக் காவல் இருக்கிறேன். ஊர்க் கல்யாணமும் வெள்ளமும் பார்த்துத்தான் நான் எங்கே படுப்பதென்று முடிவாகிறது.

நதீஷாவுக்குப் பெரிய அறையைக் கொடுத்துவிட்டேன். வந்த அன்றைக்கே அந்தப் பெட்சீற்றைக் கசக்கிப்போட்டு நித்திரை கொண்டாள். பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் சின்ன அறையில். அவள் தருவது உன் தவணைக்குக் காணாது, தெரியும். நீ கஷ்டப்படுவாய், அதுவும் தெரியும். ஆனால் தையில் எவ்வளவு வரும், மாசியில் எவ்வளவு வரும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அதற்குமேல் என்னால் ஏலாது. வீடு உன் பெயரில். விற்பதென்றால் வில், நான் மறிக்க மாட்டேன்.

ஹோல் சுவரில் ஆணி அடித்து அப்பாவின் படத்தைக் கொழுவியிருக்கிறேன். சீமெந்து கொஞ்சம் உதிர்ந்துதான் போனது. செத்தவீட்டுக்கும் நீ வரவில்லை, பூசைக்கும் வரவில்லை. அந்தப் படத்தைக் கழட்டுவதென்றால் ஆளைவிட்டுக் கழட்டாதே.

நீ வந்து கழட்டு.

அம்மா