துலுக்கச் சாமந்தி

சேசு மரி சூசை துணை
கோடைக்கானல், 9-8-1936

அன்புத் தோழி மதீனாவுக்கு, கித்தேரி எழுதிக்கொண்டது. குளிரைத் தவிர இங்கே வேறு குறை இல்லை. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நீ அனுப்பிய விதை பூத்துவிட்டதடி! பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏரி முக்கு வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரே மஞ்சள். முதலில் நாங்கள் நட்ட டேலியாவைப் பஜார் மாடுகள் மேய்ந்துவிட்டன என்று அழுதேனே, இந்தப் பூவின் வாசனைக்கு ஒரு மாடும் கிட்டே வரவில்லை. பூச்செடிச் சங்கத்தில் இப்போது நாற்பது பேர். வில்பட்டி சின்னக்கருப்பன் கழுதையில் எரு கொண்டுவந்து கொட்டினான். கூலி என்றதற்குக் கோபித்துக்கொண்டான்.

போன ஞாயிறு விழா. துரைசானி வந்து கைதட்டினாள். ரோட்டோரம் பலகை நட்டிருக்கிறோம். சங்கச் செயலாளர் மரியசெல்வம் வாத்தியார் எழுதியது: "மேரிகோல்டு. கோடைக்கானல் பூச்செடிச் சங்கம்." மேரிகோல்டு என்றால் மாதாவின் தங்கமாம்! எனக்குப் புல்லரித்துப்போனது. நீ வந்து பார்க்க வேண்டும்.

உன்
கித்தேரி

786
பழனி, 17-8-1936

கித்தேரியம்மாள் அவர்களுக்கு, மதீனா பீவி எழுதுவது.

மூட்டுவலி அப்படியே கெடக்கு. விசாரித்ததற்குச் சந்தோஷம்.

உங்கள் ஊர் பஜாரில் கடை வைத்திருக்கிற என் தம்பி ஒலியுல்லா, உன் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சொல்லிவிட்டான். "அக்கா, ஒம் பூவுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க! வெதை ஏதுன்னு துரைசானி கேட்டா. சங்கத்து வெதைன்னுட்டாரு வாத்தியாரு. கித்தேரியக்கா பக்கத்துலதான் நின்னுச்சு. வாயில கொழுக்கட்டை."

சங்கத்து விதையா? மொட்டைமாடியில் காக்காய் விரட்டி விரட்டி நான் காயவைத்து, துணியில் முடிந்து, மலைப்பாதையில் ஆள் வைத்து ஏற்றி அனுப்பிய விதை!

அந்தப் பூவுக்குத் துலுக்கச் சாமந்தி என்று பேர். எங்களைக் கேட்டா வைத்தார்கள்? வைத்துவிட்டார்கள். அஞ்சாம் வகுப்பில் அந்தப் பேரைச் சொல்லித்தானே என்னைக் கேலி செய்தார்கள்? "துலுக்கச் சாமந்தி, தலைக்கு ஆகாது" என்று பெஞ்சுக்குப் பெஞ்சு பாட்டு. அன்றைக்கு நீதான் ஒரு பூவைப் பறித்து உன் ஜடையில் சொருகிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாய். அந்தக் கித்தேரி எங்கே போனாள்?

மரியம் எங்களுக்கும் பெரிய பேர்தான். அந்தப் பேரை வைத்ததற்கு எனக்கு வருத்தமில்லை. என் பேரை எடுத்ததற்குத்தான் வயிறு எரிகிறது. மாடு மேயாமல் இருக்க எங்கள் பூ வேண்டும், பலகையில் எழுத மட்டும் கை கூசுகிறதோ?

இனி விதை கேட்டு எழுத வேண்டாம்.

மதீனா பீவி

சேசு மரி சூசை துணை
கோடைக்கானல், 30-8-1936

மதீனாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம்தான் வந்தது. முதல் இரண்டு தடவை உன் மேல்.

அந்தப் பேர் வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொன்னதே நான்தான். உன்னைக் கேலி பண்ணின பேராச்சே, ஊர் நடுவே எழுதிவைத்தால் உனக்கு நோகுமே என்று. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விதை விஷயத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது. துரைசானி எதிரில் நாக்கு எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து, பலகையை மாற்றுங்கள் என்றேன்.

"அந்தப் பேரு நல்லாவா இருக்கு? ஊருக்குள்ள வம்பு வருமேம்மா" என்றார் வாத்தியார்.

"மாடு வந்தப்ப இந்த வம்பெல்லாம் எங்க போச்சு வாத்தியாரய்யா?"

"ஒங்களுக்கு எதுக்குங்க இந்தச் சோலி? வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குத்தான் போனேன். மறுநாள் வெள்ளனே தார்ச்சட்டியோடு வந்து, பலகையில் நானே எழுதினேன்: "துலுக்கச் சாமந்தி. விதை: பழனி மதீனா பீவி." 'க்' விட்டுப்போய் மேலே சொருகியிருக்கிறேன். சிரிக்காதே.

மத்தியானத்துக்குள் பலகையைப் பிடுங்கிச் சாக்கடை ஓரம் போட்டார்கள். சங்கத்திலிருந்து என்னையும் நீக்கியாயிற்று. நாற்பது பேரைச் சேர்த்தவளை! சின்னக்கருப்பன் அந்தப் பலகையைத் தூக்கிவந்து ஒலியுல்லா கடை வாசலில் நட்டுவிட்டு, "இனிமே எருவும் கெடையாது, கழுதையும் கெடையாது, போங்கய்யா" என்று எல்லார் காதிலும் விழக் கத்திவிட்டுப் போனான்.

நீ பதில் போடாவிட்டாலும் சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

கித்தேரி

786
பழனி, 6-9-1936

என் கித்தேரிக்கு,

உன்னை நீக்கினார்களா? உன்னையா? அந்த வாத்தியார் வந்து கெஞ்சினாலும் இனிச் சங்கத்துக்கு ஒரு விதை கிடையாது, சொல்லிவை.

வருகிற வியாழக்கிழமை நான் வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் வருகிறேன். மூட்டு நோகட்டும். அந்த 'க்'கை என் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு முடிச்சு விதை கொண்டுவருகிறேன். உன் வீட்டு வாசலுக்கு ஒன்று, ஒலியுல்லா கடைக்கு ஒன்று.

எனக்கு இப்போது தூரத்துப் பார்வை மட்டு. பஸ் கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கொண்டையில் அந்தப் பூவில் ஒன்றைச் சொருகிக்கொண்டு நில். தலைக்கு ஆகாத பூவை வைத்துக்கொண்டு நிற்கிற கிழவி உங்கள் ஊரில் ஒருத்திதான் இருப்பாள்.

உன்
மதீனா