ஊற்றங்கரைப் பன்னம்

செப். 3, புதன்

காலையில் மூட்டம், காற்று. தலவாக்கலையில் மழையாம். எங்கள் கந்தப்பளையோடு மட்டும் என்ன பகையோ.

ஊற்றுக்குப் போனேன். தண்ணீர் நூலளவு. கோயிலுக்கு மேலே உள்ள இந்த ஊற்றில்தான் என் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் எடுத்தது. இப்போது குழாய்த் தண்ணீர். ஊற்று வற்றக் காரணம் கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள். வளர்த்து விற்றுக் கூரை போடலாம் என்று சபை நட்ட டர்பன்டைன், அந்தத் தைல மரங்கள், ஊற்றின் தலைமாட்டில் நின்று குடிக்கின்றன. நடும்போதே சொன்னேன். கை தூக்கி முடிவெடுத்தார்கள். என் பக்கம் ஒரே கை, என்னுடையது. எஸ்தர்கூடத் தூக்கவில்லை. கட்டின மனைவி. அன்று எழுந்து வந்தவன்தான். பிறகு ஆராதனையும் இல்லை, அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்தும் இல்லை.

மரப்பன்னக் கன்றுகள், மரமாய் வளரும் பெரணிகள், நன்றாக இருக்கின்றன. மேல்காட்டு ஓடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஊற்றைச் சுற்றி நான் நட்டவை. மண்ணைப் பிடிக்கும், ஈரத்தையும் பிடிக்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்.

வாங்க: சீனி, பருப்பு, முழங்காலுக்குத் தைலம்.

செப். 4, வியாழன்

காற்று அடங்கவில்லை. புதுக் குருவானவர் வீட்டுக்கு வந்தார். இளவயது. சப்பாத்து முழுக்கச் சேறு. திருவிருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே பேர் கொடுக்கும் வழக்கம் எங்கள் சபையில் இன்னும் உண்டு. தோட்டத்து லயங்களில் வீடு வீடாக ஏறி அவரே கேட்கிறார். வரும் ஞாயிறு "சிருஷ்டிப்பின் ஞாயிறு". மரம், தண்ணீர், மண் பற்றிப் பிரசங்கமாம்.

"உங்க பேரையும் சேர்த்துக்கவாங்க ஐயா?"

"டர்பன்டைனையும் பிரசங்கத்துல சேர்ப்பீங்களா?"

சிரித்தார். தேத்தண்ணி குடித்தார். போனார்.

எஸ்தர்: "பேரச் சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?"

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஞானோபதேசப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி நானே படித்தேன். கடவுள் என்னை மட்டும் படைத்ததாக அதில் எங்கும் இல்லை, எல்லாச் சிருஷ்டிகளோடும் சேர்த்துத்தான். இவர்களுக்கு அது தெரிய தனியாக ஒரு ஞாயிறு தேவைப்படுகிறது.

செப். 5, வெள்ளி

கொஞ்சம் வெயில். விறகு காய்ந்தது.

எஸ்தர் பாட்டுப் பழகிவிட்டு வந்து அடுப்படியில் முணுமுணுக்கிறாள். நான் பாடிவந்த கீழ்க்குரலை இப்போது யார் பாடுவது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாரு இருக்கா? தம்பி பாடுறான். தவள மாதிரி."

தம்பி என்றால் அவளுடைய கூடப்பிறந்த தம்பி ஜேக்கப். சபைச் செயலாளர். டர்பன்டைன் அவனுடைய யோசனைதான்.

ஞாயிறுகளில் நான் கோயில் வேலியோரம் நிற்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு முருகாயி போன வாரம் கேட்டாள்: "என்னாங்க, ஒங்க சாமி ஒங்கள வெளிய நிப்பாட்டிருச்சா? எங்க மாரியாத்தா அப்படியெல்லாம் செய்ய மாட்டா."

பிரசங்கத்துக்காக ஏங்கவில்லை. பாட்டுத் தொடங்குமுன் எல்லாரும் சேர்ந்து மூச்சிழுப்பார்களே, அந்தச் சத்தம். தனியாகப் பாடினால் அது வராது. ஓடையில் பாடிப் பார்த்திருக்கிறேன்.

சப்பாத்தைத் துடைத்து வைத்தேன். சும்மாதான். எஸ்தர் பார்த்தாள். பேர் நாளைக்கும் கொடுக்கலாம்.

செப். 6, சனி

மூட்டம். பேர் கொடுக்கலாம் என்று சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். அப்போது எஸ்தர் கோயில் அலங்கரித்துவிட்டு வந்தாள். கையெல்லாம் மண்.

"பீடத்தச் சுத்தி அப்படியே காடு மாதிரி இருக்குங்க. வாலிபப் பிள்ளைக பன்னமெல்லாம் வேரோட தோண்டி, டின்னுல வச்சு..."

"எங்கேருந்து தோண்டுனாங்க?"

சீலையில் கையைத் துடைத்தாள். பிறகு: "ஊத்துப் பக்கம்னு தம்பி சொன்னான்."

போய்ப் பார்த்தேன். குழி குழியாக இருக்கிறது. கரை மண் சரிந்து நீர் கலங்கல். அந்த நூலும் அறுந்துவிடும் போல.

சிருஷ்டிப்பைக் கொண்டாட சிருஷ்டிப்பைத் தோண்டியிருக்கிறார்கள். பன்னம் உள்ளே, நான் வெளியே.

பேர் கொடுக்கவில்லை.

செப். 7, ஞாயிறு

தூறல் போட்டு நின்றுவிட்டது. கோயிலுக்குள் போனேன். டின்களைத் தூக்கிவரத்தான் போனேன், எழுதி வைக்கிறேன். வாசலில் கால் வைத்த நேரம் எல்லாரும் மூச்சிழுத்தார்கள். பாட்டு. கீழ்க்குரல் என்னிடமிருந்து வந்துவிட்டது. நான் கேட்கவில்லை, வந்தது. பெண்கள் பக்கம் எஸ்தர் திரும்பவே இல்லை, குரல் மட்டும் நடுங்கியது.

பிரசங்கத்தில் குருவானவர், காட்டைப் பீடத்துக்குக் கொண்டுவந்த பிள்ளைகளுக்கு நன்றி என்றார். எழுந்தேன்.

"இது காடில்லைங்க. களவு. நான் நட்டது."

ஜேக்கப்பும் எழுந்தான். "நீங்க நட்டதுன்னு யாருக்கு மச்சான் தெரியும்? ஒரு வார்த்த சொன்னீங்களா? கோவிச்சுக்கிட்டு ஒளிச்சு ஒளிச்சு நட்டா, நாங்க என்ன கனவா காணுறது?"

யாரோ சிரித்து அடக்கினார்கள்.

குருவானவர் இறங்கி வந்தார். "தப்பு என்னோடதுங்க. கேக்காம விட்டுட்டேன். பேர் குடுக்காட்டியும் பரவாயில்ல, திருவிருந்துக்கு வாங்க."

கால் ஒரு அடி முன்னால் போனது. எனக்கே தெரிந்தது. டர்பன்டைன் ஞாபகம் வந்தது. இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மேலே குழியில் நட்டுக்கொண்டிருக்கும்போது கீழிருந்து திருவிருந்துப் பாட்டு. பாடினேன். மண்வெட்டியோடு. மூச்சு சரியாகச் சேரவில்லை, அவர்களைவிட அரைத் தாளம் பிந்தி.

ஆராதனை முடிந்து ஜேக்கப் ஏறி வந்தான். வெள்ளைச் சட்டை. இரண்டு கையிலும் டின்.

"நானும் திருவிருந்து எடுக்கல மச்சான். ஒங்கள வெளிய விட்டுட்டு எப்படி முழங்கால் போடுறது?"

"டர்பன்டைன வெட்டுவீங்களா?"

"கூர ஒழுகுது."

"ஒழுகட்டும்."

"கமிட்டில பேசுறேன்."

"பேசு. அதுவரைக்கும் வர மாட்டேன்."

"வர வேணாம். இத எவ்வளவு ஆழம் வைக்கணும், அதச் சொல்லுங்க."

காட்டினேன். தப்பாக வைத்தான். பிடுங்கி மறுபடி வைக்கச் சொன்னேன். சட்டை நாசம்.

செப். 8, திங்கள்

மழை, விடியலிலிருந்து. கன்றுகளுக்கு நல்லது. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜேக்கப்பின் சட்டையை எஸ்தர் இங்கே கொண்டுவந்து துவைக்கிறாள், கறை போகவில்லை என்று என்னைத்தான் ஏசுகிறாள்.

திருவிருந்து இனி அடுத்த மாதம். கமிட்டி அதற்குள் கூடுமா தெரியாது. என் சொல்லை நான் மாற்றப்போவதில்லை.

காகிதம் போல மெல்லிய அப்பம். ருசியென்று ஒன்றும் கிடையாது. நாக்கில் வைத்த உடனே கரைந்துவிடும். ஆனாலும்.