வான்கோழி வேட்டைக்குச் சிவப்புத் தொப்பி வேண்டாம்

ஹொல்ஸ்டெப்ரோ,
9.3.1986

அன்பு மகன் அல்பேட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். மடுமாதாவின் காவலில் நாங்கள் மூன்று பேரும் சுகம், இருமல் ஒன்றுதான் நாலாவது ஆளாக வந்து குந்திக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. நீயும் ஜனற்றும் அங்கே அமெரிக்காவில் சுகமாக இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறேன். இங்கே மார்ச் பிறந்தும் பனி கரையவில்லை, வாசலில் வழுக்கி விழாமல் வேலைக்குப் போய்வருவதே பெரிய காரியம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இப்போது என்னை உருளைக்கிழங்கிலிருந்து ஏற்றிச் சோஸ் காய்ச்ச விட்டிருக்கிறார்கள், ஒரு நாள் மிளகு கொஞ்சம் கூடப் போட்டுவிட்டேன், அன்றைக்கு ஒரு தட்டிலும் மிச்சமில்லை. தங்கச்சி யசிந்தா நன்றாகப் படிக்கிறாள், ஆனால் நான் தமிழில் கேட்டால் டெனிஷில் மறுமொழி சொல்லுகிறாள், சோறு போடாமல் விளங்காத மாதிரி நின்றால் மட்டும் தமிழ் தானாக வருகிறது.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. ஜனற்றின் தகப்பன் உன்னை அடுத்த மாதக் கடைசியில் வான்கோழி வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார், துவக்கும் தருகிறார், ஆனால் குழல் வாயை அகலமாயோ இறுக்கமாயோ ஆக்க நுனியில் திருகிப் பூட்டுகிற சோக் என்ற குழாய்த்துண்டு மூன்றையும் மேசையில் வைத்து எது வேண்டும், எந்தத் தோட்டா வேண்டும், நீயே தெரிந்தெடு என்று சொல்லிவிட்டார், அப்பாவிடம் கேட்டு எழுதுங்கோ அம்மா என்று எழுதியிருந்தாய். எனக்குத் துவக்கில் வாய்ப்பக்கம் எது என்பது மட்டும்தான் தெரியும். அப்பாவோ, நீ ஜனற் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டப்போகிறேன் என்று போன கோடையில் எழுதிய நாளிலிருந்து என் கடிதங்களின் கீழ்ப்பாதியில் ஒரு வரி எழுதுவதில்லை, நான் இடம் விடுவதும் அவர் அதை வெறுமையாய் விடுவதும் உனக்குத் தெரிந்ததுதானே. ஆனபடியால் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன், ஓட முடியாதல்லவா. நான் அவனோடை கதைக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ என்றார். ஓம் தெரியும், நான் கண்ணாடிக்குத்தான் வாசிக்கிறன் என்றேன். முகத்தைத் துடைத்துவிட்டுத் துவாயை மடித்து வைத்தார். பிறகு, அந்தாள் உவனைச் சோதிக்கிறான், எங்கடை பெடியன் அங்கை போய் முழுசிக்கொண்டு நிக்கப்படாது என்று சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஐனர் வீட்டுக்குப் போய்விட்டார். ஐனர் பின்பக்கத்துப் பண்ணைக்காரர், இலையுதிர் காலத்தில் அவர்கள் ஃபாசான் பறவை சுடும்போது அப்பா தடி தட்டிப் பற்றைக்குள்ளிருந்து பறவை எழுப்பிக் கொடுக்கிறவர், இரண்டு பேருக்கும் பொதுவாய் இருப்பது இருபது சொல், மிச்சத்தைக் கையால் கதைப்பார்கள்.

அங்கே மண்ணிறத் தாளில் வான்கோழியின் தலையையும் கழுத்தையும் வரைந்து வேலியில் குத்தி, ஐனர் சுட அப்பா ஓடி ஓடிப் போய்த் தோட்டாவின் ஈய மணிகள் சிதறி விழுந்த ஓட்டைகளைப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு இங்கே லைசென்ஸ் இல்லை, ஆகையால் தொட்டுப் பார்த்ததோடு சரி. ஐனரின் துவக்கு இரட்டைக்குழல், ஒன்று அகலம், மற்றது நுனி இறுக்கம். அகலக் குழலால் சுட்ட தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி, ஆனால் தலையில் ஒன்றுமே இல்லை. இறுக்கத்தால் சுட்டது கழுத்திலும் தலையிலும் நெருக்கமாய் விழுந்திருக்கிறது. ஆகவே மூன்றில் ஆக இறுக்கமானதைப் பூட்டச் சொல்லுகிறார், வான்கோழிக்கு உடம்பில் சுட்டுப் பிரயோசனம் இல்லையாம், செட்டை கவசம் மாதிரியாம், கழுத்தின் அடியைப் பார்த்துத்தான் சுடவேண்டுமாம். தோட்டாவில் இலக்கம் கூடக்கூட ஈய மணி சின்னதாகும், அதை மாறி விளங்கிக்கொள்ளாதே. நாலாம் இலக்கத்தில் மணி பெரிது, ஆனால் தாளில் இடைவெளி விழுகிறது. ஆறில் நெருக்கம், ஆனால் தூரப் போனால் பலம் இல்லை. அப்பாவின் தீர்ப்பு ஐந்து, கிடைக்காவிட்டால் ஆறு, ஆறென்றால் முப்பது தப்படிக்கு அப்பால் சுடக்கூடாது. ஆனால் எந்தத் துவக்குக்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்பது அதனதன் குணம், எங்கள் வீட்டிலும் ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காது அல்லவா, ஆகையால் இரண்டு மூன்று விதத்தில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கித் தாளில் சுட்டுப்பார்த்துவிட்டுப் போ. பறவை மிகக் கிட்ட வந்துவிட்டால் இறுக்கமான குழல் ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் அடிக்கும், அவசரப்பட்டால் முழுதும் தவறும். இங்கே சில நீர்ப்பக்கங்களில் ஈயம் கூடாதென்று இரும்பு மணி வந்திருக்கிறது, ஆரும் அதைத் தந்தால் அந்த இறுக்கத்துக்குள் போட்டுச் சுடாதே, குழல் கெட்டுப்போகும் என்று ஐனர் தலையில் கைவைத்துச் சொன்னாராம். வேலி ஏறும்போது தோட்டாவைக் கழற்றிவிடு, இது அப்பா இரண்டு தரம் சொன்னது.

இனித்தான் முக்கியமானது. ஐனர் ஒரு வேட்டைச் சஞ்சிகை கொடுத்துவிட்டார், யசிந்தா இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதைத் தமிழில் சொன்னாள். ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலமாம். பற்றைக்குள் ஒளித்திருந்து பெட்டை வான்கோழி மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டு இருப்பார்களாம், அந்தப் பக்கம் இன்னொரு வேட்டைக்காரன் வந்து இலைக்கு நடுவில் சிவப்பாய் ஏதோ அசையக் கண்டு மனுசரையே சுட்டதும் நடந்திருக்கிறதாம். அப்பா கோப்பியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. பாலன் பிறந்த நத்தாருக்கு உனக்கு என்ன அனுப்பினேன் சொல்லு? இந்த ஊர்க்காரர் போடுகிற மாதிரி சிவப்பும் வெள்ளையும் கலந்து, காது மூட, உச்சியில் குஞ்சமும் வைத்துப் பின்னிய தொப்பி. குளிருக்குள் விடிய எழும்பிக் காட்டுக்குப் போகிறாய், அதைத்தானே போடுவாய். உன்ரை கெட்டித்தனத்தாலை என்ரை பிள்ளையின்ரை தலையை வான்கோழித் தலையாக்கிப்போட்டியேயடி என்று அப்பா கத்தினார். அல்பேட், எட்டு மாதமாய் உவன், அவன் என்று சொன்ன மனுசன். எனக்கு ஏச்சு உறைக்கவே இல்லை, என்ரை பிள்ளை என்றது மட்டும்தான் காதில் நின்றது, அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். ஆகையால் மகனே, அந்தத் தொப்பி வேண்டாம், சிவப்பு, வெள்ளை, நீலம் சேட்டிலோ மூக்குத் துடைக்கிற லேஞ்சியிலோ கூட வேண்டாம். உன்னைவிட அகலமான மரமாய்ப் பார்த்து முதுகைச் சாய்த்து இரு. ஆரும் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதே, வாயால் சத்தமாய்க் கூப்பிடு.

நேற்றுச் சனிக்கிழமை அப்பா தானாகவே யசிந்தாவைக் கூட்டிக்கொண்டு நூல் கடைக்குப் போனார். ஐனரின் வேலியில் பிடுங்கிய ஒரு காய்ந்த இலையைச் சட்டைப் பைக்குள் கொண்டுபோய், இந்த நிறத்தில்தான் வேண்டும் என்று ஒவ்வொரு நூலோடும் வைத்துப் பார்த்தாராம், கடைப்பிள்ளை சிரித்தாளாம், யசிந்தா வெட்கத்தில் வெளியே போய் நின்றாளாம். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் நூல் மேசை நிறைய இருக்கிறது. ஒரு தொப்பிக்கு உவ்வளவு நூல் எதுக்கு, ஊருக்கே பின்னப் போறனோ என்று கேட்டேன். உனக்குக் கணக்குத் தெரியாதோ, பெடியனுக்கு ஒண்டு, அந்தப் பிள்ளைக்கு ஒண்டு, தேப்பனுக்கு ஒண்டு, மூண்டு தலை என்றார். சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார், அதைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுக்காது.

உன் தொப்பியை இரவே தொடங்கிவிட்டேன், உன் தலை அளவு எனக்குத் தெரியும். ஜனற்றின் தலையையும் தகப்பனின் தலையையும் ஒரு நூலால் சுற்றி அளந்து உடனே எழுது, அவளுக்குத் தலைமயிர் அடர்த்தியோ என்றும் எழுது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் ஆசீர்வதிப்பாராக, மாதா உன் முன்னாலும் பின்னாலும் நிற்பாளாக. கீழே வழக்கம்போல் இடம் விட்டுக் காட்டினேன், நான் சொன்னது எல்லாம் மேலை இருக்குத்தானே, பிறகென்னத்தை எழுதிறது என்று போய்விட்டார். இப்போது திரும்பி வந்து பின்னால் நிற்கிறார். இன்னும் உறையில் போடாத இந்தக் கடிதத்துக்கு, அளவு எப்ப வரும் எண்டு கேக்கிறார்.

அன்பு அம்மா,
விக்ரோரியா ஞானரட்ணம்